படத்தில் ஒட்டிய வெள்ளைத் தாள்

ஆய்வு மாணவர் நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய நெறியாளர் பூங்கோதைக்கு முப்பத்தெட்டு. பல்கலைக்கழகத்து விலங்கியல் துறையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாச்சிமுத்து மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் கோபியில் ஒரு கல்லூரியில் இருபத்தேழு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். அவரிடம் படித்த நான்கு பேர் இன்று அதே கல்லூரியில் முனைவர்களாக வேலை பார்க்கிறார்கள். ஆசிரியர் அறைக் கதவில் அவர்களுடைய பெயர்களுக்கு நடுவே இவருடைய பெயர் மட்டும் வெறும் பெயராக இருந்தது. அது அவருக்கு வலித்தது. வீட்டில்கூடச் சொன்னதில்லை, ஆனால் வலித்தது.

தட்டான் பூச்சிக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு என்பது அவருடைய ஆய்வுத் தலைப்பு. பதிவு செய்து ஏழு வருடம் முடியப் போகிறது. போன முறை ஆய்வுக் குழுவின் முன்னால் நாற்பது நிமிடம் பேசினார். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கடைசியில் கேட்டார்.

“எல்லாம் சரிங்க. உங்க கேள்வி என்ன?”

நாச்சிமுத்து கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒரு தரம், பின்னாலிருந்து முன்னால் ஒரு தரம். கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.

குழு கடைசியாக ஒரு தவணை கொடுத்தது. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி. அன்றைக்கும் கேள்வி இல்லையென்றால் பதிவு ரத்து. ஏழு வருடமும் காற்றோடு போய்விடும்.

அவர் சும்மா இருந்தவர் இல்லை. சும்மா இருக்க முடியாததுதான் அவருடைய கோளாறு.

எட்டு மாதத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஒரு கட்டுரையின் பெயரைக் கொடுத்தால் போதும். திரையின் நடுவில் அது ஒரு வட்டமாக வந்து நிற்கும். அதற்கு உறவான கட்டுரைகளெல்லாம் சுற்றிலும் வட்டம் வட்டமாக முளைக்கும். நிறையப் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை என்றால் பெரிய வட்டம். ஒரே விஷயத்தைப் பேசுகிறவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொசு ஒழிப்பு நீலம், தட்டான் பச்சை, குளம் குட்டை மஞ்சள். ஒன்றைத் தொட்டால் அதிலிருந்து கோடுகள் கிளம்பி வேறு பத்து வட்டங்களைத் தொடும். அந்தப் பத்தில் ஒன்றைத் தொட்டால் இன்னும் இருபது.

முதல் நாள் அதைப் பார்த்தபோது நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாக இருட்டில் தடவிக்கொண்டிருந்த ஊருக்கு யாரோ விளக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் வட்டம். பேருந்தில் செல்போனில் வட்டம். நீலத்திலிருந்து பச்சைக்கு ஒரு தாவல், பச்சையிலிருந்து மஞ்சளுக்கு ஒரு தாவல். ஒரு கட்டுரையைத் திறந்து நாலு வரி படிப்பதற்குள் பக்கத்து வட்டம் கூப்பிடும். சாப்பிட உட்கார்ந்தாலும் விரல் நிற்காது. தட்டில் பீன்ஸ் துண்டுகளை அங்கே இங்கே நகர்த்திக்கொண்டிருப்பார்.

“சோத்துல எதைத் தேடறீங்க?” என்றாள் மனைவி சரஸ்வதி.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததையா இத்தனை நேரமாத் தேடறீங்க?”

அவர் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு சங்கடம் இருந்தது. கிட்டே போனால் ஊர் மறைந்துவிடும், எட்ட வந்தால் வீடு மறைந்துவிடும். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் கேள்வி தானாகக் கண்ணில் படும் என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் படத்தைச் செல்போனிலேயே பிளெக்ஸ் கடைக்கு அனுப்பி, நாலடிக்கு ஆறடியில் அடிக்கச் சொன்னார். போகிற வழியில் சுருட்டி வைத்திருந்ததை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயமுத்தூர் பேருந்தைப் பிடித்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை.

ஆடி மாதம். துறை வளாகத்தில் காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பூங்கோதையின் ஆய்வகத்தில் சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நாச்சிமுத்து பிளெக்ஸைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு பாட்டில்களை வைத்தார். நிமிர்ந்தார். பிறகு குனிந்து மறுபடி பார்த்தார்.

நீல வட்டங்களுக்கும் பச்சை வட்டங்களுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். கோட் போட்டு, கை கூப்பி, லேசாகச் சிரித்தபடி, இடுப்புக்கு மேலே, இரண்டடி உயரத்துக்கு.

பூங்கோதை மேசையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

“இது யாருங்க சார்?”

நாச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. அங்கேயே நின்று பிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டார்.

“ஏப்பா, யாரு இதுல என் போட்டோவ வெக்கச் சொன்னது?”

“எடம் சும்மா கெடந்துச்சுங்க சார்,” என்றது போன். “சும்மா கெடந்தா எடுப்பா இருக்காதுங்களே. உங்க வாட்ஸாப்புல இருந்து எடுத்து வெச்சேன். நல்லா வந்திருக்குதுங்களா?”

அவர் போனை அணைத்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டு, சிரிக்கிற நாச்சிமுத்துவின் மேல் ஒட்டினார். ஒரு தாள் போதவில்லை. இரண்டாவது தாளில் கூப்பிய கையும் மறைந்தது.

பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“மேடம், திங்கட்கிழமை கமிட்டி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் படத்துல நான் எங்க நிக்கறது?”

“அதான் கடைக்காரர் நிக்க வெச்சாருங்களே.”

“வெளையாடாதீங்க மேடம். ராத்திரி தூக்கமில்லீங்க எனக்கு.”

“சரிங்க. நீங்க எங்க நிக்கலாம்னு நினைக்கறீங்க?”

நாச்சிமுத்து வெள்ளைத் தாளின் மேல் விரலை வைத்தார். “இங்கதானுங்க. ஒரு பக்கம் கொசு, இன்னொரு பக்கம் தட்டான். நடுவுல யாருமே இல்ல. இத்தனை பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தர்கூட இந்த எடத்துல கால் வெக்கல.”

“எப்படித் தெரியும்?”

“படத்துல இல்லீங்களே.”

பூங்கோதை படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நீலத்தின் நடுவிலிருந்த பெரிய வட்டத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தார்.

“இது என்னதுங்க சார்?”

நாச்சிமுத்து மடமடவென்று சொன்னார். எழுதியவர் பெயர், வெளிவந்த வருடம், எண்ணூற்றுப் பன்னிரண்டு மேற்கோள், வலப்பக்கம் எந்த வட்டம், இடப்பக்கம் எந்த வட்டம், எந்தக் கோடு எங்கே போகிறது. கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தத் தெருக்களில் அவர் நடந்துவிடுவார்.

“சரிங்க. உள்ள என்ன இருக்கு?”

“உள்ளயா?”

“இவங்க எத்தனை குளத்தைப் பாத்தாங்க? எத்தனை மாசம் பாத்தாங்க?”

காற்று ஒரு பாட்டிலைத் தள்ளியது. பிளெக்ஸின் மூலை எழும்பி அடித்துக்கொண்டது. நாச்சிமுத்து அதைப் பிடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“இந்தப் படத்துல எத்தனை வட்டங்க சார்?”

“முன்னூத்தி நாப்பது.”

“எத்தனை வீட்டுக்குள்ள போயிருக்கீங்க?”

அவர் மூலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பூங்கோதை அந்தப் பெரிய வட்டத்தின் கட்டுரையைத் தன் கணினியில் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். “பதினோரு பக்கங்க. படிச்சிட்டிருங்க. நான் ஒரு வகுப்பு எடுத்துட்டு வந்துடறேன்.”

ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது திரையின் மேல் விளிம்பில் பதினாறு கட்டுரைகள் வரிசையாகத் திறந்து கிடந்தன.

“முடிச்சிட்டீங்களா?”

“மூணாம் பக்கத்துல இருக்கனுங்க. அதுல ஒரு கட்டுரையைப் பத்தி எழுதியிருந்தாங்க. அது என்னன்னு பாத்துட்டு வந்துடலாம்னு போனேன்...”

“நாளைக்கு வாங்க சார்,” என்றார் பூங்கோதை.

சனிக்கிழமை நாச்சிமுத்து மடிக்கணினியோடு வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு. பேருந்திலேயே ஒரு வேலை செய்திருந்தார்.

“மேடம், நேத்து நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தனுங்க. முன்னூத்தி நாப்பது ஜாஸ்திதான். அதனால படத்தைச் சுத்தம் பண்ணிட்டேன்.”

அந்தத் தளத்தில் படத்துக்குக் கீழே ஒரு கோடும் கோட்டின் மேல் ஒரு குமிழும் உண்டு. குமிழ் பத்தில் நின்றால், பத்துப் பேருக்குக் குறைவாக மேற்கோள் காட்டிய கட்டுரைகள் படத்தில் வராது. முதல் நாளே நாச்சிமுத்து அதைப் பத்தில் வைத்துவிட்டார். அப்படி வைக்காவிட்டால் திரை முழுக்க ரவையைக் கொட்டியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிறைந்துவிடும், கண் வலிக்கும். இப்போது இருபத்தைந்துக்குத் தள்ளியிருந்தார். வட்டங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. நடுவிலிருந்த வெற்றிடம் இன்னும் பெரிதாக, இன்னும் சுத்தமாக இருந்தது.

“எதை எடுத்தீங்க?”

“குப்பையைத்தானுங்க.”

“குப்பைன்னா?”

“யாரும் சீண்டாத கட்டுரைங்க. சும்மா பேருக்கு எழுதறதுங்க.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் தேவைக்கு மேல் ஒரு சூடு இருந்தது. பூங்கோதை அவரை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்.

“வாங்க சார், தொட்டி வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

“கமிட்டிக்கு ரெண்டு நாள்தானுங்க மேடம் இருக்கு.”

“அஞ்சு நிமிசந்தான்.”

துறைக்குப் பின்னால் ஒரு பழைய சிமென்ட் தொட்டி. மழைத்தண்ணீரும் சருகுமாக எப்போதும் பாதி நிரம்பியிருக்கும். தோட்டக்காரர் மண் சலிக்கிற இரும்புச் சல்லடை சுவரில் சாய்ந்திருந்தது. பூங்கோதை அதை எடுத்து நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

“தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து சல்லடையை முக்கித் தூக்கினார். தண்ணீர் எல்லாம் ஒழுகிவிட்டது. கண்ணிகளில் நாலு இலையும் ஒரு நத்தையும் நின்றன.

“என்ன இருக்கு?”

“எலையும் நத்தையும்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

பூங்கோதை வெள்ளை மேலங்கியின் பையிலிருந்து ஒரு டீ வடிகட்டியை எடுத்து நீட்டினார். அந்தக் காம்பு கையில் பட்டதும் நாச்சிமுத்துவின் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. தண்ணீரில் சரித்து விட்டு, அடியிலிருந்து ஒரு சுழற்று, மேலே ஒரு நிமிர்த்து. பழகிய கை செய்கிற வேலை. வடிகட்டிக்குள் கொசுப்புழுக்கள் நெளிந்தன. குட்டி நீர்வண்டு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கால்களோடு இன்னும் ஏதேதோ.

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“மேடம், இது எனக்குத் தெரியாதுங்களா? அத்தாம் பெரிய கண்ணு சல்லடையில கொசுப்புழு நிக்குமா? இருபத்தேழு வருசமா பசங்களுக்கு நானே இதைத்தான் சொல்லித் தர்றேன். முதல் வருசப் பாடங்க இது.”

“தெரியுங்களா?”

“நல்லாத் தெரியும்.”

“அப்பச் சரிங்க,” என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை நடந்தார். நாலடி போய்த் திரும்பினார். “வடிகட்டிய நீங்களே வெச்சுக்கங்க. திங்கட்கிழமை அந்தப் பிளெக்ஸ மறக்காமக் கொண்டாந்துடுங்க.”

“அதையா? அதைத் தூக்கிப் போடலாம்னு இருக்கனுங்க.”

“கொண்டாங்க சார்.”

திரும்பி வரும் பேருந்தில் நாச்சிமுத்து கொதித்துக்கொண்டே வந்தார். ஏழு வருடம் போகப் போகிறது, இந்தப் பெண் நத்தை பிடிக்கச் சொல்கிறது. தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளிடம் கைகட்டி நின்றால் இதுதான் கிடைக்கும். பாதி வழி தாண்டியதும் கோபம் கொஞ்சம் களைத்தது. சட்டைப் பையில் வடிகட்டியின் காம்பு குத்தியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபி வரும்வரை வடிகட்டியின் கண்களை விரலால் தடவியபடி அந்தச் சல்லடையையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்தார். குமிழ் இருபத்தைந்தில் நின்றது. அதைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார்.

பத்து. பழைய படம் வந்தது.

ஐந்து. வட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டங்கள் எட்டிப் பார்த்தன.

ஒன்று. ரவை கொட்டத் தொடங்கியது.

அங்கே கொஞ்சம் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது பெரிய வட்டங்கள் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் வெற்றிடம் இல்லை. நெருக்கமாக இல்லாவிட்டாலும் அங்கே ஆள் இருந்தது. பதினெட்டு, இருபது புள்ளிகள். எதிலிருந்தும் எதற்கும் கோடு இல்லை. சரியாக நடுவில் ஒரு புள்ளி. அதன் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார்.

பெயர் வந்தது. அ. நாச்சிமுத்து. இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வருடம். மேற்கோள்: பூஜ்யம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. கல்லூரி விடுதிச் சமையல்கட்டுத் தண்ணீர் போய்ச் சேரும் குட்டையில் இரண்டு வருடம், புதன்கிழமை தவறாமல், தட்டான்களை எண்ணினார். டீ வடிகட்டியை வைத்துத் தட்டானின் இளம்புழுக்களையும் கொசுப்புழுக்களையும் எண்ணினார். நான்கு பக்கம் எழுதிக் கல்லூரி ஆய்விதழில் போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கருத்தரங்குக்கும் போனார். அங்கே மேடையிலிருந்த ஒரு பெரிய மனிதர், “கொல்லையில தட்டான் எண்றதெல்லாம் ஆராய்ச்சின்னா எங்க ஊர்ல எல்லாரும் விஞ்ஞானிதான்,” என்றார். மண்டபம் சிரித்தது. நாச்சிமுத்துவும் சேர்ந்து சிரித்தார். சிரித்ததுதான் இன்றுவரை ஆறவில்லை.

அன்றோடு அந்த நான்கு பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, இதற்கு முன் வெளியான கட்டுரைகள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களை ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றினார்களே, அப்போதுகூடப் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எழுந்து போய், பீரோவின் அடித்தட்டில் விடைத்தாள் கட்டுகளுக்குக் கீழே கையை விட்டார். இதழ் கிடைத்தது. தரையிலேயே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். ஆங்கிலம் அங்கங்கே நொண்டியது. எண்கள் நொண்டவில்லை. நூற்று நான்கு புதன்கிழமைகள். எந்தப் புதனும் விட்டுப் போகவில்லை.

சரஸ்வதி காபியோடு வந்து நின்றாள். அவர் விரல்களைப் பார்த்தாள். அவை காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தன. காபியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பக்கம். கடைசிப் பத்தி. இருபத்தேழு வயது நாச்சிமுத்து எழுதியிருந்தார்:

ஆடிக் காற்றில் மூன்று வாரம் தட்டான்கள் குட்டைக்கு வருவதில்லை. அந்த வாரங்களில் அவற்றின் இளம்புழுக்களும் தண்ணீரில் இல்லை. கொசுப்புழு பெருகியிருக்க வேண்டும். இரண்டு வருடமும் பெருகவில்லை, குறைந்தது. அப்படியானால் அவற்றைத் தின்றது யார்? தெரியவில்லை. பார்க்க வேண்டும்.

நாச்சிமுத்து அந்த வரிகளை இரண்டாவது முறை படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வடிகட்டியையும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“ஞாயித்துக்கெழமையும் அதுவுமா எங்கீங்க?”

“ஹாஸ்டல் வரைக்கும். ஆடி முடிஞ்சா அப்பறம் ஒரு வருசம் காத்திருக்கோணும்.”

“எதுக்கு?”

அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

குட்டை அப்படியேதான் நாறிக்கொண்டிருந்தது. காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே ஒரு தட்டான்கூட இல்லை. அவர் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இறங்கினார். வடிகட்டியைச் சரித்து, சுழற்றி, நிமிர்த்தினார். கிண்ணத்தில் கொட்டி எண்ணினார். ஓர் இடத்தில் ஐந்து கொசுப்புழு. இன்னோர் இடத்தில் இரண்டு. மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. தட்டானின் இளம்புழு எங்குமே இல்லை.

“அப்பத் தின்னது யாரு?” என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாணவன் திரும்பிப் பார்த்தான். சார் வெயிலில் முழங்கால் தண்ணீரில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. பூங்கோதை பிளெக்ஸை வாங்கிப் பின்சுவரில் தொங்கவிட்டிருந்தார். நீலம், பச்சை, மஞ்சள். நடுவில் இரண்டு வெள்ளைத் தாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஒரு முனை விட்டுப்போய் லேசாக அடித்துக்கொண்டது. நாச்சிமுத்து அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராகவே கேட்டார்.

“இப்பவாவது சொல்லுங்க. உங்க கேள்வி என்ன?”

“தட்டான் இல்லாத மூணு வாரத்துல கொசுப்புழுவைத் தின்னது யாருங்க?”

அவ்வளவுதான். நாற்பது நிமிடம் வேண்டியிருக்கவில்லை.

பேராசிரியர் கேள்வியைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். “கொறையுதுன்னு எப்படித் தெரியும்?”

“எண்ணியிருக்குதுங்க. ரெண்டு வருசம். நேத்தும் எண்ணிப் பாத்தனுங்க.”

“நல்ல கேள்விங்க இது. நம்ம ஊருக்கு வேண்டிய கேள்வி. சரி, இதுக்கு முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களா?”

“ஒருத்தர் கேட்டிருக்காருங்க.”

“பெரிய ஆளா?”

“இல்லீங்க. மேற்கோள் ஒண்ணுகூட இல்ல.”

“அதை விடுங்க. யாரு? இந்தப் படத்துல எங்க இருக்காரு?”

நாச்சிமுத்து எழுந்தார். சுவரருகே போய் நின்றார். விட்டுப்போயிருந்த முனையைப் பிடித்தார். டேப் ஒரு சத்தத்தோடு கிழிந்து வந்தது. முதல் தாள் போனதும் சிரித்த முகம் தெரிந்தது. இரண்டாவது தாள் போனதும் கூப்பிய கை.

அறையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபம் சிரித்த சிரிப்பு நாச்சிமுத்துவின் காதுக்குள் எழுந்தது. அவர் காத்திருந்தார். இந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. அவர் அந்த நான்கு பக்கத்தை எடுத்துப் பேராசிரியரின் முன்னால் வைத்தார்.

பேராசிரியர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படித்தார். கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு குழுவின் தாளை இழுத்து, பதிவு நீட்டிப்பு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினார்.

வராந்தாவில் காற்று நின்றபாடில்லை. நாச்சிமுத்து பிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி பூங்கோதையின் பக்கத்தில் நடந்தார். நாலு அடி போனதும் அவர் பக்கம் திரும்பினார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க சார்.”

“நான் எந்தப் பாரத்துலயும் எழுதல. யாருகிட்டயும் சொல்லல. அந்தக் கட்டுரை உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?”

“நீங்க சேர வந்த அன்னிக்கே தேடிப் படிச்சுட்டேன்.”

நாச்சிமுத்து நின்றுவிட்டார். “ஏழு வருசம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?”

பூங்கோதை அவர் கக்கத்தில் இருந்த பிளெக்ஸைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை கேட்டேனே சார், இது யாருன்னு. நீங்கதான் தாளை எடுத்து ஒட்டுனீங்க.”